பூட்டிய அறையிலிருந்து ஒரு குரல்

அது நடந்தது எழுபத்தெட்டாம் வருஷமா, எழுபத்தொன்பதா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. இசக்கிமுத்துவைக் கேட்டால் எழுபத்தேழு என்பான். அவன் எல்லாவற்றையும் தன் கல்யாணத்தை வைத்துக் கணக்குச் சொல்பவன். அந்தக் கணக்கை அவன் மனைவியே ஒப்புக்கொள்வதில்லை. முகங்கள் எனக்கு அழிந்துவிட்டன. கமலாக்ஷி டீச்சர் கண்ணாடி போட்டிருந்தாரா என்பதுகூட இப்போது சந்தேகம். யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் ஓரளவு நம்பி எழுதுகிறேன். பேசியதைவிடப் பேசாமல் நின்ற நேரம்தான் அன்று அதிகம். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் என் ஆபீஸ். 'சிவராமகிருஷ்ணன், துப்பறிவாளர்' என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதி மாட்டியிருந்தேன்.

"சாமி, பலகையைப் பார்த்துட்டு ஒருத்தன் வந்தான்" என்றான் இசக்கிமுத்து. அவன் என் உதவியாள், ஒரே உதவியாள். "பொண்ணு ஓடிப்போச்சான்னு கேட்டேன். இல்ல, பொண்ணுக்குப் பொருத்தம் பார்க்கணும்னான். பலகையில சோழியும் சேர்த்து வரைஞ்சிருந்தா இந்நேரம் மாடி நமக்குச் சொந்தம்."

வாசலில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை கமலாக்ஷி.

"நீங்கோ இப்பவே ஸ்கூலுக்கு வரணும்" என்றார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பத்தாம் கிளாஸ் குழந்தை ஒருத்திக்கு டி.சி. எழுதிக் கையில கொடுக்கணும்னு உத்தரவாக்கும். எழுதாம இருக்க வழி உண்டோ, பார்த்துச் சொல்லுங்கோ."

"யார் உத்தரவு?"

"மானேஜர்."

போகிற வழியிலேயே கதையைச் சொன்னார். பள்ளியில் யூத் பெஸ்டிவல் வாரம். பாட்டு, நாடகம், கைவேலைக் கண்காட்சி, எல்லாம் திங்கட்கிழமை தொடக்கம். மேடையின் இடது பக்கம் ஆளுயர வெண்கல விளக்கு ஒன்று நிற்கும். மானேஜர் வெங்கிடேஸ்வரனின் அப்பா, பள்ளியை ஆரம்பித்தபோது குழந்தைகளின் கலை நிகழ்ச்சிகளுக்கென்று கொடுத்தது. அதை ஏற்றாமல் அந்தப் பள்ளியில் ஒரு பாட்டுப் போட்டிகூடத் தொடங்கியதில்லை.

நேற்று மாலை பியூன் பிச்சை, மானேஜர் அறைக்கு வெளியே உட்கார்ந்து அந்த விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மானேஜரின் குரல் வந்தது. விளக்கைக் கேட்டில் நிற்கும் கைவண்டியில் ஏற்று என்றது. பிச்சை ஏற்றினான். வண்டி போய்விட்டது. விளக்கும் போய்விட்டது.

"மானேஜர் என்ன சொல்றார்?"

"நேத்திக்குத் தான் இங்கே வரவே இல்லைங்கறார். திருப்பூணித்துறையில, அவர் ஆத்துப் பக்கத்துக் கோவில்ல தீபாராதனைக்கு நின்னேன்னு சொல்றார். தன் குரல்ல பேசினது கங்காதானாம்."

கங்கா அந்தப் பள்ளியின் மிமிக்ரி நட்சத்திரம். காக்கா, படகு மோட்டார், ரேடியோ, எல்லாம் தொண்டையிலிருந்து வரும். கடைசி ஐட்டம் மானேஜர். அதற்குத்தான் கூட்டம் காத்திருக்கும். ரிகர்சல் நாட்களில் பெண்கள் வேஷம் மாற்றுவது மானேஜர் அறையில்தான். அதனால் அவள் உள்ளே இருந்திருக்கவும் வழி உண்டு.

"போலீஸ்?"

"வேண்டாம்னுட்டார். பெண் குழந்தை, பேர் கெட்டுப்போயிடும்னார்."

"பேரை விட்டுட்டுப் படிப்பை மட்டும் எடுத்துக்கிடுதாரு" என்றான் இசக்கிமுத்து. "பெரிய மனசு."

டீச்சர் நடையை நிறுத்தவில்லை. "பத்தாம் கிளாஸ்ல, வருஷத்துக்கு நடுவுல, திருட்டுன்னு பேர் வச்சு டி.சி. கொடுத்தா எந்த ஸ்கூல்ல சேர்ப்பா? பரீட்சை எழுத முடியாது. அவ அம்மா ஆவுடையம்மாள் சுக்குக் கிடங்குல வேலை. காலம்பறயே வந்துட்டா. 'ஸ்கூல் வேண்டாம்னா சொல்லுங்க டீச்சர், நாளைக்கே முற்றத்துல இஞ்சி காயப்போட கூட்டிட்டுப் போறேன்'னு நிக்கறா."

இசக்கிமுத்துவை யூதர் தெருவுக்கு, ஜூ டவுனுக்கு, அனுப்பினேன். பழம்பொருள் கடைகளில் அப்படி ஒரு விளக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். நான் டீச்சருடன் பள்ளிக்குள் நுழைந்தேன்.

ஹாலில் பெஞ்சுகளின் மேல் கைவேலைகள் பரப்பியிருந்தன. வைக்கோல் ஒட்டிய படங்கள், சிரட்டையில் செதுக்கிய ஆந்தை, களிமண் யானைகள், ஈர்க்குச்சியில் கட்டிய சீனவலை. ஒரு மூலையில் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிக்களிக்கு அடி பழகினார்கள். நான் நுழைந்ததும் கைதட்டல் நின்றது. மேடையின் இடது பக்கத்தில், விளக்கு நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு வட்டக் கறை.

பிச்சை ஐம்பது வயதுக்காரன். தோளில் துண்டு. என்னைக் கண்டதும் அது இடுப்புக்கு வந்தது.

"குரல் என்ன சொன்னது? அப்படியே சொல்லு."

"'பிச்சே, விளக்கைக் கேட்டுல நிக்கற வண்டியில ஏத்து. சாக்குப் போட்டு மூடு. சீக்கிரம்.' அவ்வளவுதான் சாரே."

"கதவைத் திறந்து பார்க்கவில்லையா?"

அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். "மானேஜர் சார் சொன்னப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

"அது அவர் குரல்தானா?"

"நேத்தைக்குக் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்ப எல்லாரும் கங்காமோள்தான்னு சொல்றா. பின்னே எனிக்கு என்ன தெரியும்?"

அந்த நேரத்தில் இசக்கிமுத்து வேர்வையோடு வந்து சேர்ந்தான். "ஜூ டவுன் முழுக்கப் பார்த்தாச்சு சாமி. விளக்கு எந்தக் கடையிலும் இறங்கல. ஒரு சேட்டன் கப்பல் மணி ஒண்ணை என் தலையில கட்டப் பார்த்தான். எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு அடிச்சுக்கிட்டுதான் இருக்குன்னு சொல்லித் தப்பிச்சு வந்தேன்."

திருடியது விற்பதற்காக இல்லை. அதை மனதில் ஓரமாக வைத்தேன்.

கங்கா ஆபீஸ் அறையில் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒல்லியான பெண், சற்றே கரகரத்த குரல். பக்கத்தில் ஆவுடையம்மாள், விரலிடுக்குகளில் சுக்குத் தூசி. மேஜை மேல் டி.சி. தாள். பெயர் மட்டும் எழுதியிருந்தது.

"ஞான் செய்யல டீச்சரே" என்றாள் கங்கா. "நேத்து ஸ்டேஜுக்குப் பின்னாடி, ஒத்தைக்குப் பயிற்சி பண்ணிண்டிருந்தேன்."

"யாராவது பார்த்தார்களா?" என்றேன்.

"ஒத்தைக்குன்னா யாரு பார்ப்பா?"

"அப்படிச் சொல்லுடீ!" என்று ஆவுடையம்மாள் அவள் தோளில் ஓங்கி அடித்தாள். "நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்தக் கேள்வி வருமா? மானேஜர் மாதிரிப் பேசினா மானேஜர் வீட்டுச் சாப்பாடா வரப்போவுது?"

நான் கங்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதையோ விழுங்குவது தெரிந்தது. நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சிலர் தாங்களே பேசுவார்கள். டீச்சரின் மேஜைக் கடிகாரம் கேட்டது. முற்றத்தில் யாரோ பந்து தட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு தடவை செஞ்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "போன மாசம். கணக்குப் பரீட்சை அன்னிக்கு. ஸ்டோர் ரூமுக்குள்ள நின்னு, மானேஜர் குரல்ல, பெல் அடின்னு பிச்சையண்ணன்கிட்ட சொன்னேன். அண்ணன் லாங் பெல் அடிச்சுட்டாரு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்."

ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கமலாக்ஷி டீச்சர் டி.சி. தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "அன்னிக்கு மானேஜர்தான் லீவு விட்டார்னு நானும் நம்பினேன்" என்றார். "இதுக்கு மேல நான் என்னன்னு வாதாடறது, சார்?"

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை ஏமாற்றியவள் மறுமுறையும் ஏமாற்றலாம். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வராந்தாவுக்கு வந்து நின்றேன். கதவோரம் பிச்சை, உள்ளே பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். இசக்கிமுத்து வாயைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவனால் அது எப்போதாவதுதான் முடியும்.

"பிச்சை" என்றேன். "பெல் அடிக்கச் சொன்ன அன்றைக்கு, குரல் எப்படி வந்தது?"

பிச்சையின் முகம் கறுத்தது. அன்று ஏமாந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிய வந்திருந்தது. "அன்னிக்கு நல்லாவே கேட்டது சாரே. முதல்ல சாவிக்கொத்து குலுங்கிச்சு. அப்புறம் பொடி உறிஞ்சினாரு, ஒரு தும்மல். 'பெல்லை அடி, நான் சொன்னேனா இல்லையோ?'ன்னாரு. சார் எப்பவும் அப்படித்தானே சொல்வாரு."

"நேற்று?"

"நேத்து..." அவன் நிறுத்தினான். "நேத்து சாவி இல்ல. பொடி இல்ல. சும்மா சொன்னாரு."

"சொன்னேனா இல்லையோ?"

"அதுவும் இல்ல."

"அப்படின்னா பிள்ளை இந்த ஒரு மாசத்துல தேறிருச்சு" என்றான் இசக்கிமுத்து மெதுவாக. "உப்புக் காரம் குறைச்சுச் சமைக்கக் கத்துக்கிடுச்சு."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் அதுதான். அதற்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும்.

நான் உள்ளே போய்க் கங்காவிடம் கேட்டேன். "சாவியும் பொடியும் இல்லாமல் மானேஜரைச் செய்வாயா?"

அவள் திகைத்தாள். "அதெப்படி சார்? அப்புறம் மானேஜர் எங்கே இருக்காரு?"

மணி நாலரை இருக்கும். வெங்கிடேஸ்வரன் வந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பொடி டப்பி. ஒவ்வொரு அடிக்கும் சாவி குலுங்கியது. அவர் வருவதைப் பள்ளி முழுவதும் காதால் அறிந்துகொண்டது. பந்துச் சத்தம் நின்றுவிட்டது.

"ஓய், துப்பறியறவரே!" ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார், தும்மினார். "டீச்சர் உம்மைக் கூப்பிட்டதுல எனக்கு ஆக்ஷேபம் இல்லை. நன்னா விசாரிக்கட்டும். ஆனா அஞ்சு மணின்னா அஞ்சு மணியாக்கும். நான் சொன்னேனா இல்லையோ?"

"ஒரு சின்னச் சோதனை பாக்கி" என்றேன். "ஒரிஜினல் பக்கத்தில் இருந்தால்தானே நகல் எவ்வளவு சரி என்று தெரியும். நீங்கள் ஒத்துழைக்க வேண்டும்."

ஒரிஜினல் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

மேடைத் திரையை இழுத்து மூடினோம். திரைக்குப் பின்னால் கங்கா, டீச்சர், மானேஜர், நான். ஹாலின் அந்தக் கோடியில் பிச்சையும் இசக்கிமுத்துவும். வெளியே நல்ல வெயில். ஹாலின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கைகொட்டிக்களிப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"முதலில் உன் ஐட்டத்தை அப்படியே செய்" என்றேன்.

கங்காவின் உதடுகள் காய்ந்திருந்தன. தனக்கு எதிரான சாட்சியைத் தானே சொல்லச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தும் செய்தாள். நாக்கு நுனியில் சாவி குலுங்கியது. மூக்கு இழுத்தது, தும்மியது. "விளக்கை வண்டியில ஏத்து! நான் சொன்னேனா இல்லையோ?"

ஹாலில் பெண்கள் தங்களை மறந்து சிரித்துவிட்டார்கள். மானேஜரின் காது சிவந்தது.

"பிச்சை, யாரது?" என்று குரல் கொடுத்தேன்.

"கண்ணை மூடினா மானேஜர் சார்தான்" என்றான் பிச்சை.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்போது, நேற்று அவன் கேட்டபடி. சாவி கிடையாது, பொடி கிடையாது. வெறும் சொல் மட்டும்."

கங்கா கண்ணை மூடி, தொண்டையைக் கனக்க வைத்துச் சொன்னாள். ஜலதோஷம் பிடித்த பெண் பேசுவது போல இருந்தது. மறுபடியும் சொன்னாள். அதேதான்.

"யாரோ பொம்பளப் பிள்ளை பேசறா" என்றான் பிச்சை. "என்னவாக்கும் வேணும்?"

"பார்த்தீர்களா?" என்றேன். "மேடையில் ஒருவரைச் செய்கிறவர்கள் அவருடைய குரலைச் செய்வதில்லை. பழக்கங்களைத்தான் செய்கிறார்கள். பழக்கத்தை எடுத்துவிட்டால் கங்காவிடம் மானேஜர் இல்லை. நேற்று அந்த அறையிலிருந்து வந்த குரலில் ஒரு பழக்கமும் இல்லை. ஆனாலும் பிச்சை அதை உடனே அறிந்துகொண்டான்."

வெங்கிடேஸ்வரன் நிதானமாகச் சிரித்தார். "அவ வேணும்னே மோசமாப் பண்றா, ஓய். தப்பிக்கணும்னா நான்கூட அப்படித்தான் பண்ணுவேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. கங்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன். யாரும் பேசவில்லை. அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் நின்ற இன்னொரு இடம் எனக்கு நினைவில்லை.

அந்த அமைதியை அவரால்தான் தாங்க முடியவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், அவசரமாகச் சொன்னார். "போறும். ஜன்னலைச் சாத்தி ஹாலைப் பூட்டுங்கோ. கையெழுத்தைப் போடுங்கோ."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் அடைபடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"சாமி!" என்று இசக்கிமுத்து கத்தினான். "இந்தப் பிச்சையண்ணன் இருந்தாப்புல இருந்து எந்திரிச்சு ஜன்னலைச் சாத்துதாரு. யாருவே சாத்தச் சொன்னா?"

"மானேஜர் சார் சொன்னாரே, கேக்கலயா?" என்றது பிச்சையின் குரல்.

நான் திரையை விலக்கினேன். பிச்சை கையில் ஜன்னல் கதவோடு நின்றிருந்தான்.

"எப்படி அவர் என்று தெரிந்தது? சாவி குலுங்கியதா? பொடி போட்டாரா?"

"இல்ல." அவன் யோசித்தான். அவன் முகத்தில் ஏதோ மெல்ல ஏறிவந்தது. மானேஜரைப் பார்த்தான், கங்காவைப் பார்த்தான். தோள் துண்டு இந்த முறை இடுப்புக்கு இறங்கவில்லை. "நேத்தைக்கும் இதே குரலாக்கும், சாரே. இதேதான்."

மானேஜரின் கை பொடி டப்பியை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. நாலு பேர் எதிரில் மானேஜராக நிற்கும்போது அவருக்குச் சாவியும் தும்மலும் வேண்டியிருந்தது. அவசரத்தில், மறைவில், அவர் வெறும் குரலாகிவிடுவார். இருபது வருஷமாக அந்தக் குரலுக்கு ஓடியவனுக்குத்தான் அது தெரியும்.

"சார், நீங்க மட்டும் மிமிக்ரிக்குப் பேர் கொடுத்துராதீங்க" என்றான் இசக்கிமுத்து. "உங்களை மாதிரிப் பேசறதுல உங்களைவிட இந்தப் பிள்ளைக்குத்தான் மார்க் விழும்."



"விளக்கு எங்கே, சார்?" என்று கேட்டார் கமலாக்ஷி டீச்சர். அவருக்கு வேலை கொடுத்தவரும் பறிக்கக்கூடியவரும் அந்த மனிதர்தான். கேட்டபோது டீச்சரின் குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெங்கிடேஸ்வரன் மேடையின் அந்த வட்டக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்காத்துக் கூடத்துல நின்ன விளக்கு" என்றார். "திருப்பூணித்துறையில புதுசா வீடு கட்டியிருக்கேன். கூடம் காலியாக் கெடக்கு. கேட்டு எடுத்துண்டா ஊர் என்ன சொல்லும்?"

"அது ஸ்கூலுக்குக் கொடுத்தாச்சே."

"கொடுத்தது அப்பா. நான் கொடுக்கலை."

"அதுக்கு இந்தக் குழந்தையா கிடைச்சா?"

வெங்கிடேஸ்வரன் தன் அறைக்குள் போனார். அறையின் பின்கதவு சந்துப் பக்கம் திறக்கும். அந்த வழியாகத்தான் நேற்று வந்து போயிருக்கிறார். இன்றும் அந்த வழியாகவே வெளியேறினார். சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். சத்தம் வரவில்லை.

டீச்சர் டி.சி. தாளை நான்காகக் கிழித்தார். பிறகு கங்காவைப் பார்த்து, "லாங் பெல்லுக்குத் தனியா உண்டு. திங்கட்கிழமை ஐட்டம் முடியட்டும்" என்றார்.

ஆவுடையம்மாள் மகளை அணைத்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு முடிந்து நெடுநேரமாகியிருந்தது.

விளக்கு ஞாயிற்றுக்கிழமை அதே கைவண்டியில், அதே சாக்குப் போர்வையோடு திரும்பி வந்தது. பாலீஷ் போடப் போயிருந்தது என்று ஊருக்குச் சொன்னார்கள். வெங்கிடேஸ்வரன் மேலும் ஆறு வருஷம் மானேஜராக இருந்து, பதவியிலேயே இறந்தார். அவர் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. கமலாக்ஷி டீச்சருக்கு அடுத்த ஜூன் மாதம் தலைமைப் பதவி போயிற்று. சாதாரண ஆசிரியையாக அதே பள்ளியில் ஓய்வு பெற்றார். பிச்சை வேலையை விட்டுக் கும்பளங்கியில் மைத்துனனின் மீன் வளர்ப்புக் குளத்துக்குக் காவல் போனான். இசக்கிமுத்து இப்போதும் என்னோடு இருக்கிறான். பலகையில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டேன். கங்கா அந்த வருஷம் பரீட்சை எழுதினாள், செகண்ட் கிளாஸில் தேறினாள். நர்சிங் சேர்வதற்காக அவளே பள்ளி ஆபீஸுக்கு வந்து, டி.சி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.